காடழிவும் வாணிகத் தடையும்

மரத்தை வெட்டியவன் ஒருவன்; ஏற்றிச் சென்றவன் மற்றொருவன்; விற்றவன் வேறொருவன்; வாங்கிப் பயன் கொண்டவன் பிறிதொருவன். இந்நால்வருள் காட்டின் அழிவிற்குக் காரணர் யாவர்? வெட்டியவனே என்பது உலக வழக்கு. பகவன் புத்தர் இல்லறத்தார்க்கு விலக்கிய வாணிகங்களை நினைவிற் கொள்வோமாயின், விடை அவ்வளவு எளிதன்று என்பது புலப்படும்.

படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகமும் உபாசகர்க்கு ஆகாதென அங்குத்தர நிகாயம் கூறுகின்றது. நஞ்சு விற்பவன் தன் கையால் எவரையும் கொல்வதில்லை. ஆயினும் அவன் தொழில் விலக்கப்பட்டது. விற்றலும் ஒரு செயலே. அதன் விளைவு விற்பவனையும் சாரும் என்பதே இதன் கருத்து. காடழித்துப் பெற்ற பொருள் இவ்வைந்தனுள் எண்ணப்படவில்லை. எனினும், கேட்டினை வளர்க்கும் வாணிகத்தைத் தடுப்பது முறையா, தடுக்குங்கால் எதனைக் கருத வேண்டும் என்பவற்றை இக்கருத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

1. நம் நாட்டில் நிகழ்ந்த தடை

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதைத் தடுக்க வேண்டி, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தை அணுகினார். ஒரு மலைப்பகுதியைப் பற்றி எழுந்த வழக்கு நாடு முழுமையையும் தழுவிற்று. 1996 டிசம்பர் 12-ஆம் நாள் பிறந்த ஆணை, மத்திய அரசின் முன் ஒப்புதலின்றிக் காடுகளில் நடைபெற்ற புறப்பணிகளை நிறுத்தியது. அன்றியும், வடகிழக்கு மாநிலங்கள் ஏழிலிருந்தும் வெட்டுமரம் இரயில், சாலை, நீர்வழி எவற்றாலும் பிற மாநிலங்களுக்குச் செல்லலாகாதென்றது; அரசின் சில தேவைகளுக்கே விலக்களித்தது.

இவ்வாணை கோடரியை மட்டும் நோக்கவில்லை. சந்தைக்குச் செல்லும் வழியையும் அடைத்தது. காடு பரந்தது, காவலர் சிலர். மரம் வெளியேறும் வழிகளோ எண்ணத்தக்கவை. விலை கிடையாத மரத்தை எவரும் வெட்டார்.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் காண்டல் வேண்டும். மேகாலயத்தில் காடுகளின் பெரும்பகுதி அரசுக்குரியதன்று. குலங்களுக்கும் ஊர்ச் சமுதாயங்களுக்கும் உரியது. பெரும் ஒப்பந்தக்காரரோடு, மரத்தையே நம்பியிருந்த குடும்பங்களும் அறுவை ஆலைத் தொழிலாளரும் வருவாய் இழந்தனர். 1998 சனவரியில் நீதிமன்றம், ஒப்புதல் பெற்ற வேலைத்திட்டத்தின்படி மரம் வெட்ட வழி வகுத்தது. ஒப்பந்தக்காரரிடம் கையிருப்பு இருந்தது, கூலியாளிடம் இல்லை. காத்திருந்த காலம் இருவருக்கும் ஒன்றாகாது.

2. ஐரோப்பியச் சட்டம்

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம் இவ்வழியில் மேலும் செல்கின்றது. மாடு, கோக்கோ, காப்பி, எண்ணெய்ப்பனை, இரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றினின்று பெறும் தோல், சாக்கலேட், டயர், காகிதம் போன்றனவும், 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்தனவாயின் அங்கே விற்கப்படலாகா. விளைந்த நாட்டின் சட்டத்திற்கும் அவை ஒத்திருத்தல் வேண்டும். விளைநிலம் இன்னதென அட்சரேகை, தீர்க்கரேகைகளால் காட்ட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை ஒத்திவைக்கப்பட்டு, 2025 டிசம்பர்த் திருத்தத்தின்படி பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 எனவும், சிறியவற்றிற்கு 2027 சூன் 30 எனவும் குறிக்கப்பட்டது.

இத்தகைய தடை பயன் தருமோ எனின், பிரேசில் நாட்டு அனுபவம் சான்றாகும். அமேசான் காட்டைப் புதிதாக அழித்த நிலத்தின் சோயாவை வாங்குவதில்லை எனப் பெருவணிகர் 2006-இல் உடன்பட்டனர். அதற்கு முந்திய இரண்டாண்டுகளில் அங்கே புதிதாகச் சோயா பயிரிட்ட நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு காடழித்துப் பெற்றது. 2014-இல் அது 1 பங்களவிற்குக் குறைந்தது. ஆனால் உடன்பாட்டிற்குப் புறம்பான செராடோ என்னும் அண்டைப் புல்வெளிக் காட்டுப் பகுதியில் சோயாவுக்கான அழிவு தொடர்ந்தது. ஒரு வாயிலை அடைத்து மற்றொன்றைத் திறந்து வைத்தலால் வரும் குறை இது.

3. சான்று காட்டும் சுமை

இந்தியக் காப்பியில் ஏறக்குறைய நூற்றுக்கு 70 பங்கு கருநாடகத்தில் விளைகின்றது. அதனை மிகுதியாக வாங்குவோருள் இத்தாலியும் செருமனியும் அடங்கும். பயிரிடுவோரில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலத்தார். குடகிலும் சிக்கமகளூரிலும் நிழல் மரங்களின் கீழ்க் காப்பி வளர்க்கும் ஒருவன், காட்டில் ஒரு மரமும் வெட்டாதவனாயினும், தன் நிலத்தைச் சான்றுடன் காட்ட வேண்டியவனாகின்றான். கூட்டுக் குடும்பத்தின் பேரில் பட்டா உள்ளவன் என் செய்வான்? ஏடுகள் சீராக உள்ள பெருந்தோட்டத்தாரிடமே வாங்குதல் எளிதென ஏற்றுமதியாளர் எண்ணுவராயின், குற்றமற்றவனே சந்தையை இழப்பான். 2025-இல் இந்தியா குறைந்த ஆபத்துடைய நாடுகளின் வரிசையில் வைக்கப்பட்டது. எனினும் சான்று காட்டும் பொறுப்பு முற்றும் நீங்கிவிடவில்லை.

ஆதலின் நாம் கொள்ளத்தக்க முடிபு இது. கேடு விளைக்கும் வாணிகத்தைத் தடுத்தல் அறமே. ஆனால் நிலத்தை அளப்பதற்கும் ஏடு எழுதுவதற்கும் ஆகும் செலவை, ஆதாயம் மிகுதியாகப் பெறும் வணிகரும் அரசும் ஏற்க வேண்டும். எளியவன் தலையில் அதனை ஏற்றுவது, ஒரு துன்பத்தை நீக்க மற்றொன்றை உண்டாக்குவதாகும்.

சிந்தித்தற்குரிய வினாக்கள்

1. வாங்குபவன் அறியாது வாங்கினால் அவனுக்குப் பொறுப்பு உண்டா? அறிந்துகொள்ள வழியிருந்தும் அறியாதிருந்தால்?

2. தடையால் பிழைப்பு இழப்போர்க்குத் தடை விதித்தோர் செய்யத்தக்கது யாது?

3. உலகில் பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு நம் நாடே. அதன் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகின்றது. ஐரோப்பியர் நம் காப்பியைப் பற்றிக் கேட்கும் வினாவை, நம் அடுப்பங்கரை எண்ணெயைப் பற்றி நாம் கேட்டதுண்டா?