சக்கரம் பட்டதும் கையை விடாதே

செகந்திராபாத்,
ஆடி 5

அன்புள்ள கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: “சக்கரம் அழகாத்தான் பட்டது பெரியப்பா. அப்புறம் வண்டி தானா இடப்பக்கம் இழுத்துக்கிட்டுப் போச்சு. இன்ஸ்ட்ரக்டர் கன்ட்ரோலை வாங்கிட்டார்.” உன் பெரியம்மா பயப்படுவாள் என்று அப்போது நான் வாய் திறக்கவில்லை.

வண்டி தானாக இழுக்கவில்லை அம்மா. காற்று இழுத்தது, நீ விட்டுக்கொடுத்தாய்.

பேகம்பேட் ரன்வே கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. இந்த மாதக் காற்றுக்கு அது நல்ல திசைதான். ஆனால் காற்று கோடு பிடித்து வருவதில்லை. மேற்கு நோக்கி, ரன்வே 27இல் இறங்கும்போது டவர் “240 டிகிரி, 14 நாட்ஸ்” என்று சொன்னால், காற்று இடப்பக்கம் 30 டிகிரி சாய்ந்து வருகிறது. கடிகாரக் கணக்குப் போடு: 15 டிகிரிக்குக் காற்று வேகத்தில் கால், 30க்குப் பாதி, 45க்கு முக்கால், 60க்கு முழுசு. ஆக, பக்கக் காற்று 7 நாட்ஸ். அதே காற்று 210இலிருந்து வந்தால் 14ஐயும் பக்கக் காற்றாகவே வைத்துக்கொள். செஸ்னா 152இல் கம்பெனி பைலட் சோதனையில் இறக்கிக் காட்டியதே 12தான். உனக்கு இன்ஸ்ட்ரக்டர் போட்ட வரம்பு அதற்கும் கீழே. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, முழுப் பாரத்தோடும் 757 கிலோ தாண்டாத வண்டி பறக்கும்.

மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வருவது உனக்குக் கைவந்துவிட்டது. கடைசியில் வலது ரட்டரால் மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக்கி, இடது இறக்கையைத் தாழ்த்துகிறாய். இடது சக்கரம் முதலில் ‘கீச்’ என்கிறது, பிறகு வலது, கடைசியில் மூக்குச் சக்கரம். அந்த ‘கீச்’ கேட்டதும் உன் தோள் தளர்கிறது, கையும் நடுவுக்கு வந்துவிடுகிறது. தப்பு அங்கேதான்.

வேகம் குறையக் குறைய எய்லரானுக்கும் ரட்டருக்கும் பிடிப்புக் குறையும். காற்று மட்டும் அதே பலத்தோடு வால் துடுப்பைத் தள்ளி மூக்கைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கும். அதனால் ஓட்டம் தளரத் தளர யோக்கை இடப்பக்கம் இன்னும் இன்னும் திருப்பு. நிற்கும்போது அது முழுசாகத் திரும்பியிருக்க வேண்டும். மூக்கு நேராக ஓடக் கால் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்கிறாயா? பத்தொன்பது வயதில், வேறொரு ஊரில், இதே ‘கீச்’சுக்கு நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் காற்றுப் பக்கத்து இறக்கை எழும்பி, வண்டி புல்லுக்குள் போய்விட்டது. ஓரவிளக்கு ஒன்று நொறுங்கியது. அந்தக் கண்ணாடிச் சில்லுகளை நானேதான் பொறுக்கினேன்.

இது பழைய பாடம்தான். எட்டு நிறுவனங்கள் பெண் என்று கைவிரித்த பிறகு, 1947இல் விமானி பிரேம் மாத்தூருக்கு வேலை கொடுத்தது இந்த ஊர் டெக்கான் ஏர்வேஸ். அவர்களிடம் இருந்தது டிசி-3, வால் சக்கர வண்டி. பாரம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஒருதரம் திரும்ப ஆரம்பித்தால் மேலும் திரும்பவே பார்க்கும். அதில் வேலை செய்தவர்களுக்குத் தரை தொட்டபின்தான் காலுக்கு நிஜ வேலை. உன் மூக்குச் சக்கர வண்டி கொஞ்சம் மன்னிக்கும், அவ்வளவுதான்.

இன்ஸ்ட்ரக்டரிடம் ஒன்று கேட்டுப் பார். ரன்வே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். இறங்காமல், ஓராள் உயரத்தில், இறக்கையைத் தாழ்த்தியபடி நடுக்கோட்டின் மேலேயே அவரோடு பறந்து பழகு. கோடு நழுவினால் பவர் கொடுத்து மேலே போ. அதில் வெட்கம் எதுவும் இல்லை.

இறங்கித் திரும்பி வரும்போது காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். அப்போது யோக்கைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி முன்னால் தள்ளி வை. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபின் கையை எடு.

பிறகு வீட்டுக்கு வா. பெரியம்மா ரசம் வைத்திருப்பாள்.

ஆசிகளுடன்,
பெரியப்பா