முதுமையும் வருமானமும் – ஒரு பார்வை

"மலருக்கு டெக்னிக்கலா ஏதாவது எழுதுடா" என்று சீனியர் அண்ணன் சொன்னார். லேத்தில் தொடங்க நினைத்தது என் பாட்டியில் போய் நின்றுவிட்டது. பொறுத்தருள்க.

எனக்கு இரண்டு பாட்டிகள். அம்மாச்சி ரிட்டயர்டு டீச்சர், பென்ஷன் உண்டு. அப்பாயி காட்டு வேலைக்குப் போனவர். அறுபதைத் தாண்டியதும் இருவருக்கும் கண்புரை. பேப்பரில் எழுத்து மங்கியதுமே அம்மாச்சியை மாமா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அப்புறம் ஊசியில் தானே நூல் கோத்தார். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது, எனவே மங்குவதே யாருக்கும் தெரியவில்லை. டம்ளரைத் தட்டிவிட்டபோது "கண்ணு தெரியலையா?" என்று நானே கத்தியிருக்கிறேன். ஒருநாள் விடியற்காலை வாசற்படி தெரியாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிறகுதான் கண் ஆபரேஷன். பார்வை வந்தது, நடை வரவில்லை.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. நோய் வேறு, இயலாமை வேறு. குளிப்பது, உடுத்துவது, எழுந்து நடப்பது, தானே சாப்பிடுவது ஆகியவற்றில் எது முடியவில்லை என்று பார்த்துத்தான் முதியோரின் இயலாமையை அளக்கிறார்கள். நோய் ஒன்றாக இருந்தாலும் அது இயலாமையாக மாறுவதற்கு நடுவில் பணம் வந்து நிற்கிறது.

"இலவச முகாம் இருக்கே?" என்பீர்கள். இருந்தது, ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். ஆனால் கூடப் போகிறவரின் கூலியை யார் தருவது? "அறுப்பு முடியட்டும் ஆத்தா" என்றார் அப்பா. "கெழவிக்கு இனிமே கண்ணு எதுக்கு?" என்றார் அப்பாயி. இந்த இரண்டாவது பேச்சுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

வறுமை மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. லண்டனில் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பற்றியது. எல்லோருக்கும் நிரந்தரச் சம்பளம். ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்களை விசாரித்தபோது, கீழ்நிலைப் பதவியில் இருந்தவர்களிடமே இயலாமை அதிகம் காணப்பட்டது.

இனி நம்ம சப்ஜெக்ட். உலகப் போரில் விமானக் கண்ணாடிச் சில்லு கண்ணில் பாய்ந்த விமானிகளுக்கு அந்தப் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் புண்ணாக்கவில்லை என்பதை டாக்டர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். 1949-ல் அதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் பொருத்தினார். அது பரவும் வரை ஏழைகளுக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடிதான். சுமார் +10 பவர், பார்க்கும் பொருள் கால்பங்கு பெரிதாகத் தெரியும். உடைந்தால் மறுபடி குருடு. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவில் விற்றது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை அமைப்பான ஆரோலேப், 1992 முதல் இங்கேயே லென்ஸ் செய்து அதைப் 10 டாலர் அளவுக்கு இறக்கியது. பிளாஸ்டிக்கை லேத்தில் கடைந்து செய்த லென்ஸ், தோழர்களே! (நம்ம ஒர்க்‌ஷாப் லேத்தில் முயல வேண்டாம்.) அந்த டாக்டருக்கே மூட்டுவாதத்தால் விரல்கள் கோணியிருந்தன. அந்தக் கையால்தான் பல்லாயிரம் ஆபரேஷன் செய்தார்.

சென்ற லீவில் முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் ஒரு கைப்பிடி செய்து எங்கள் வீட்டுக் கழிப்பறைச் சுவரில் பொருத்தினேன். என் உயரத்துக்கு அளவெடுத்திருந்தேன், அப்பாயிக்கு எட்டவில்லை. கழற்றி, நாலு இஞ்ச் இறக்கி மாட்டினேன். இப்போது அவர் தனியாகப் போய் வருகிறார்.