டீ-சர்ட்டை மடித்துப் பார்த்து வாங்குவோம்

விற்பதற்காக உள்கடன் எடுத்து பிளெயின் டீ-சர்ட் 60 வாங்கினோம். ஒரே துவைப்பில் பக்கத் தையல் முறுக்கி வயிற்றுக்கு வந்துவிட்டது. பாதிப்பேர் திருப்பிக் கொடுத்துட்டாங்க. வட்டிதான் மிச்சம்.

அடுத்த முறை திருப்பூர் காதர்பேட்டையில் அவசரப்படவில்லை. 180 ஜி.எஸ்.எம். துணி கேட்டோம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை. கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் உடனே பழையபடி சுருங்கணும். தோள் தையலுக்குள் பட்டி வைத்திருக்கணும், இல்லைன்னா தோள் தொங்கிடும். 'எல்' என்ற எழுத்தை நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நன்றாகப் பொருந்துகிற பழைய டீ-சர்ட்டை மேலே வைத்து அளந்தோம். பருத்தி சுருங்குமே என்று நீளத்தில் ஒரு அங்குலம் கூடுதலாகப் பார்த்தோம்.

முதலில் ஒன்றே ஒன்று வாங்கி வந்து, துவைத்துக் காயவைத்து நீளவாக்கில் மடித்தோம். இரண்டு பக்கத் தையலும் நேராக உட்கார்ந்தது. பிறகுதான் மொத்தமாக எடுத்தோம். பஸ் செலவு இரண்டு தடவை ஆச்சு, பரவாயில்லை.