வால்வு ஆம்ப்ளிபயர் – பழுதறியும் முறை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவர் எழுதியது)

முன்னுரை

நம் பகுதிச் சிற்றூர்களில் மாரியம்மன் திருவிழாவானாலும், காதுகுத்துக் கல்யாணமானாலும், மரத்தின் உச்சியில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி பாடத் தொடங்கினால்தான் விழா தொடங்கியதாகப் பொருள். 1960-களிலும் 70-களிலும் அந்த ஒலிபெருக்கிகளை ஓட்டியவை பெரும்பாலும் வால்வு ஆம்ப்ளிபயர்களே. டூரிங் டாக்கீசுகளின் திரைக்குப் பின்னே பேசியவையும் அவையே. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது; எடை குறைந்தது, விலை குறைந்தது. வால்வுப் பெட்டிகள் மைக்செட் கடைகளின் பரணுக்கு ஏறின.

ஆயினும் அவற்றின் வாழ்வு முடிந்துவிடவில்லை. மின்கிட்டார் வாசிப்போர் உலகெங்கும் வால்வின் ஒலியையே இன்னும் விரும்புகின்றனர். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரிலும் அத்தகைய இசைக்குழுவினர் உண்டு. நம் ஊர்ப் பரணில் கிடக்கும் மைக்செட் ஆம்ப்ளிபயரும், மேல்நாட்டுக் கிட்டார் ஆம்ப்ளிபயரும் உள்ளே திறந்து பார்த்தால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஒன்றைப் பழுதுபார்க்கக் கற்றவர் மற்றொன்றையும் பார்க்கலாம்.

இதைப் பற்றி எழுத இரண்டு காரணங்கள் உண்டு. நாம் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் ஓம் விதி, மின்தேக்கி, மின்மாற்றி, திருத்தி ஆகிய அனைத்தும் இந்த ஒரே பெட்டிக்குள் அடங்கியுள்ளன என்பது முதற் காரணம். இந்தப் பெட்டி, அறியாமல் கைவைப்பவரின் உயிரைக் குடிக்கவல்லது என்பது இரண்டாவது, அதுவே முக்கியமானது.

சிறு வரலாறு

1904-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் பிளெமிங் இருமுனை வால்வை அமைத்தார். 1906-இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையாகக் கிரிட் என்னும் கம்பியைச் சேர்த்தார். சிறிய மின்னழுத்தத்தால் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கும் வழி இவ்வாறு பிறந்தது. 1947-இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறக்கும்வரை வானொலி, தொலைபேசி, திரைப்படம் ஆகிய எல்லாம் வால்வையே நம்பியிருந்தன.

1954-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் வானொலி வால்வுகளை இந்தியாவிலேயே தயாரித்தது. அதன் முத்திரை பதித்த வால்வுகளைப் பழைய பெட்டிகளில் இன்றும் காணலாம். இப்போது புதிய வால்வுகள் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன.

கிட்டாருக்கென்று புகழ்பெற்ற பெட்டிகளுக்கும் ஒரு கொடிவழி உண்டு. இங்கிலாந்தில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-இல் வெளியிட்ட முதல் ஆம்ப்ளிபயர், அமெரிக்காவின் பெண்டர் நிறுவனத்துப் பாஸ்மேன் என்னும் பெட்டியின் மின்சுற்றை அடியொற்றியதே.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

முதலில் மின்மாற்றி 230 வோல்ட்டை இரண்டு விதமாக மாற்றுகிறது. வால்வின் இழையைச் சூடேற்ற 6.3 வோல்ட் ஒரு புறம்; தட்டுக்கு ஊட்ட 300 முதல் 400 வோல்ட் வரை மற்றொரு புறம். இந்த உயர் அழுத்தத்தை வால்வோ டையோடோ ஒருதிசையாக்க, மின்தேக்கிகளும் சோக்கும் அதைச் சமன் செய்கின்றன.

மைக்கிலிருந்தோ கிட்டாரிலிருந்தோ வரும் மிகச் சிறிய அலையை இ.சி.சி. 83 போன்ற முன்வால்வு பெருக்குகிறது. இணைப்பு மின்தேக்கி வழியாக அந்த அலை இ.எல். 84, இ.எல். 34, 6 எல். 6 போன்ற திறன் வால்வுகளின் கிரிட்டை அடைகிறது. இறுதியாக வெளியீட்டு மின்மாற்றி அதனை ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறது.

வெளியீட்டு மின்மாற்றி எதற்கு? இரண்டு இ.எல். 84 வால்வுகள் இணைந்து வேலை செய்ய ஏறத்தாழ 8000 ஓம் சுமை வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம்தான். சுமைகளின் விகிதம் 1000. சுற்றுகளின் விகிதம் இதன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 31.6. பெயர்த் தகடு அழிந்துபோன மின்மாற்றியைக் கழற்றி, அதன் முதன்மைச் சுருளுக்கு 6.3 வோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்தால் துணைச்சுருளில் 0.2 வோல்ட் கிடைக்க வேண்டும். மறந்தும் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. துணைச்சுருளுக்கு 6.3 வோல்ட் கொடுத்தால் மறுமுனையில் ஏறத்தாழ 200 வோல்ட் வந்து நிற்கும்.

உயிர்காக்கும் கணக்கு

"பிளக்கைப் பிடுங்கிவிட்டோம், இனி என்ன பயம்?" என்று எண்ணுவோர் பலர். எங்கள் ஊரில் மைக்செட் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அவ்வாறு எண்ணிக் கைவைத்தபோது பின்னால் தூக்கியெறியப்பட்டார். நல்லவேளை, சுவர் அருகில் இல்லை. பிளக் தரையில்தான் கிடந்தது. அப்படியானால் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

மின்தேக்கியிலிருந்து வந்தது. மின்தேக்குதிறனில் பாதியை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் தேங்கிய ஆற்றல் கிடைக்கும் என்று படித்திருக்கிறோம். 50 மைக்ரோ பாரட் மின்தேக்கி 400 வோல்ட்டில் 4 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைக்கும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சின் வழியே இது பாய்ந்தால் விளையாட்டல்ல.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நன்றாக ஓடும் பெட்டியை நிறுத்தினால், சூடாக இருக்கும் வால்வுகளே அந்த மின்னூட்டத்தில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். வால்வைக் கழற்றியிருந்தாலோ, இழை அறுந்திருந்தாலோ, நடுவே ஒரு தடை எரிந்திருந்தாலோ அதைக் குடிக்க யாருமில்லை. எனவே பழுதான பெட்டி நல்ல பெட்டியைவிட ஆபத்தானது. பழுதுபார்ப்பவன் திறப்பதோ பழுதான பெட்டியைத்தான்.

இதற்கு மருந்து எளிது. 10 கிலோ ஓம், 5 வாட் தடை ஒன்றின் இருமுனைகளிலும் காப்பிட்ட கம்பியைப் பற்றவைத்து, ஒரு முனையைச் சேசிஸிலும் மறுமுனையை மின்தேக்கியின் நேர்முனையிலும் வைக்க வேண்டும். தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கினால் கால மாறிலி அரை விநாடி. ஐந்து கால மாறிலிகளில், அதாவது இரண்டரை விநாடியில், 400 வோல்ட் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். பிறகு மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்தபின்னரே விரலை வைக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் நேரடியாகத் தீப்பொறி பறக்கவிடுவது மின்தேக்கியையும் கெடுக்கும், கண்ணுக்கும் கேடு.

வேறு சில விதிகளும் உண்டு. மின்சாரம் உள்ளபோது அளக்க நேர்ந்தால் ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுக. தனியாக இருக்கும்போது இவ்வேலை வேண்டாம். இரண்டு முள் பிளக் கொண்ட பழைய பெட்டிக்கு மூன்று முள் பிளக்கும் எர்த் கம்பியும் போட்ட பிறகே திருப்பிக் கொடுக்க வேண்டும். மைக்கின் உலோக உடல் சேசிஸோடு இணைந்தது. சேசிஸில் மின்சாரம் ஏறினால் அதை முதலில் வாங்குபவர் மைக்கைப் பிடித்துப் பாடுபவரே.

பழுதறியும் வரிசை

அனுபவமில்லாதவர் முதல் வேலையாக எல்லா வால்வுகளையும் மாற்றிப் பார்ப்பர். அது பணத்தையும் கெடுக்கும், பழுதையும் மறைக்கும். கீழ்க்கண்ட வரிசையே ஏற்றது.

ஒன்று: கண்ணும் மூக்கும். கருகிய தடை, உப்பிய மின்தேக்கி, தார் வாடை, எலி கடித்த கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வால்வின் கண்ணாடியில் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு இனி உதவாது.

இரண்டு: மின்சாரமின்றி அளத்தல். பியூசை எடுத்துப் பார்க்கவும். அதன் இடத்தில் சிகரெட் பெட்டித் தாளோ தடித்த செம்புக் கம்பியோ சுற்றியிருந்தால், முன்பு பார்த்தவர் நோயை விட்டுவிட்டு மணியோசையை நிறுத்தியிருக்கிறார் என்று பொருள். மின்மாற்றியின் சுருள்களையும் ஓம்மீட்டரால் சோதிக்க வேண்டும்.

மூன்று: தொடர்விளக்கு. 60 அல்லது 100 வாட் இழைபல்பு ஒன்றைப் பெட்டியோடு தொடராக இணைத்து மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒருமுறை ஒளிர்ந்து மங்கினால் நலம். முழு ஒளியுடன் நின்றால் உள்ளே குறுக்குச்சுற்று உள்ளது. பல்பின் இழை சூடானதும் அதன் மின்தடை பலமடங்கு உயர்ந்து மின்மாற்றியைக் காப்பாற்றுகிறது. எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. பழைய இழைபல்பு கிடைத்தால் பத்திரப்படுத்துக.

நான்கு: ஸ்பீக்கரை இணைத்த பிறகே பெட்டியை இயக்க வேண்டும். சுமையில்லாமல் பெரிய ஒலி கொடுத்தால் வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் அழுத்தம் பன்மடங்கு எழும்பிக் காப்பு உடையும். அந்த மின்மாற்றியே பெட்டியில் விலையுயர்ந்த உறுப்புகளுள் ஒன்று.

ஐந்து: அழுத்தங்களை அளந்து, பின்னிருந்து முன்னாக, அதாவது ஸ்பீக்கரிலிருந்து மைக்கை நோக்கி, ஒவ்வொரு நிலையாகச் சோதித்து வர வேண்டும்.

அடிக்கடி வரும் பழுதுகள்

உறுமல்: உறுமலிலும் இருவகை உண்டு. நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். முழு அலைத் திருத்தியில் இது 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. ஆகவே 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் சமன்செய்யும் மின்தேக்கி வற்றிவிட்டது என்று முதலில் ஐயுறலாம். 50 ஹெர்ட்ஸ் என்றால் இழைக் கம்பி, எர்த் இணைப்பு, மைக் கம்பியின் உறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எப்படிப் பிரித்தறிவது? கிட்டாரின் தடித்த கம்பியை மூன்றாம் கட்டத்தில் அழுத்தி மீட்டினால் 98 ஹெர்ட்ஸ் சுரம் பிறக்கும். உறுமல் அதனோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் அது 100 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே நின்றால் 50. கருவி வைத்திருக்கும் கலைஞரே பெட்டியின் நோயைச் சொல்லிவிடலாம்.

தட்டு சிவத்தல்: திறன் வால்வின் தட்டு இரும்புபோல் சிவந்தால் உடனே நிறுத்த வேண்டும். பெரும்பாலும் வால்வு குற்றவாளியன்று. முன்னே உள்ள இணைப்பு மின்தேக்கியே குற்றவாளி. ஒரு கணக்குப் பார்ப்போம். முன்வால்வின் தட்டில் 250 வோல்ட் உள்ளது. பழைய மின்தேக்கி 20 மெகா ஓம் அளவுக்குக் கசிகிறது. கிரிட்டிலிருந்து சேசிஸுக்கு 470 கிலோ ஓம் தடை உள்ளது. அப்போது கிரிட்டில் ஏறத்தாழ 5.7 வோல்ட் நேர் அழுத்தம் ஏறிவிடும். 20 மெகா ஓம் என்பது சாதாரண மீட்டருக்குத் 'திறந்த சுற்று' போலவே தோன்றும். எனவே ஓம்மீட்டரை நம்பாமல், மின்சாரம் உள்ளபோது கிரிட்டின் அழுத்தத்தை அளப்பதே முறை. கேத்தோடு தடையால் சார்பு பெறும் வால்வில் அது சுழியமாக இருக்க வேண்டும்.

வால்வு அளவோடு உழைக்கிறதா என்பதையும் ஓம் விதியே சொல்லும். இரண்டு இ.எல். 84 வால்வுகளுக்குப் பொதுவான 130 ஓம் கேத்தோடு தடையில் 10.4 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் 80 மில்லி ஆம்பியர், வால்வுக்கு 40. இதில் திரைக்கிரிட்டுக்கு 4 என்று கழித்தால் தட்டுக்கு 36. தட்டழுத்தம் 300 வோல்ட் எனில் திறன் 10.8 வாட். இவ்வால்வின் வரம்பு 12 வாட். ஆக, நலம்.

கரகரப்பு: வால்யூம் கன்ட்ரோலைத் திருப்பும்போது மட்டும் வந்தால் அதில் தூசி. எப்போதும் வந்தால் முன்வால்வின் தட்டுத் தடையோ, துருவேறிய வால்வுக் காலோ காரணமாகலாம். மரப் பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டினால் குற்றமுள்ளது மணிபோல் ஒலித்துக் காட்டிக்கொடுக்கும்.

நீல ஒளி: கண்ணாடியின் உட்புறத்தில் படியும் நீல ஒளி குற்றமன்று. தட்டுகளுக்கிடையே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து ஒளிர்ந்தால் வாயு கலந்துள்ளது, வால்வை மாற்றுக.

முடிவுரை

மைக்செட் கடைகளிலும் ரேடியோ ரிப்பேர்க் கடைகளிலும் இதையெல்லாம் கையால் அறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒலியைக் கேட்டே பழுதைச் சொல்வார்கள். சூத்திரம் கேட்டால் சிரிப்பார்கள். சூத்திரம் தெரிந்த நம்மிடமோ பற்றவைக்கும் கை இல்லை. நம் மாவட்டத்து இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்குச் செல்வதில் தவறில்லை; என் வீட்டுச் சோறும் அப்படி வந்ததே. ஆனால் அந்தப் பெரியவர்களின் அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது. அவர்கள் அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமர, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்குச் சிறிதும் கூச்சமில்லை.

அவர்களிடம் ஏற்றுக்கொள்ள முடியாத பாடம் ஒன்று மட்டும் உண்டு. "நாலு தடவை ஷாக் அடித்தால்தான் தொழில் படியும்" என்று வேலை பழக வரும் சிறுவர்களிடம் சொல்வார்கள். அடித்தவர்களில் பிழைத்தவர்கள் மட்டுமே இதைச் சொல்ல முடியும் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, வீட்டிலோ ஊரிலோ வால்வுப் பெட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 100 கிலோ ஓம், 2 வாட் தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து, சமன்செய்யும் மின்தேக்கிக்குக் குறுக்கே நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுங்கள். 400 வோல்ட்டில் அவை இரண்டும் சேர்ந்து 0.8 வாட்தான் உண்ணும். 50 மைக்ரோ பாரட் மின்தேக்கியை 50 விநாடிகளில் வெறுமையாக்கும். செலவு சில ரூபாய்கள். பெட்டியின் மூடியில் "பிளக்கை எடுத்தபின் ஒரு நிமிடம் பொறுக்கவும், அளந்தபின் தொடவும்" என்று தமிழிலும், தெலுங்கிலும், கன்னடத்திலும் எழுதி ஒட்டுங்கள். இம்மூன்று மொழிகளில் ஏதேனும் ஒன்றைப் பேசுபவர்தாம் நம் எல்லைப் பகுதியில் அந்த மூடியைத் திறக்கப் போகிறார்.