அண்ணனுக்கு வைத்துவிட்டுப் போன 2 ரூபாய்

அடி அண்ணாமலை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காலேஜ் பீஸுக்கு அக்கா கொடுத்த பணத்தை ஆன்லைன் ரம்மியில் விட்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறாய். அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் கீழேயே, "அந்த ஆப்பை அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க மாமா, என் கையில ஒண்ணும் இல்ல" என்றும் எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நீ சொல்வது பாதி உண்மை. சேர்ந்ததும் போனஸ், முதலில் சில்லறை ஜெயிப்பு, தோற்றுப்போய்ப் படுத்த ராத்திரியில் மறுபடி கூப்பிட்டு மெசேஜ். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்துச் செய்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது; ரம்மி திறமை விளையாட்டு என்று சொல்லி 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடையிலிருந்து விலக்கியது. 2025இல், நள்ளிரவு 12 முதல் விடிகாலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று அரசு விதி போட்டது. கம்பெனிகள் வழக்குக்குப் போயும் விதி நிலைத்தது. அந்த ஆகஸ்டில் பாராளுமன்றமே காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. வயதுக்கு வந்தவன் தன் காசை என்ன செய்தால் அரசுக்கு என்ன என்று கேட்பவர்களை நான் ஏற்கவில்லை. ராத்திரி 2 மணிக்குத் தோற்ற காசைத் துரத்துகிறவன் செய்வதை இஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

மீதிப் பாதிக்கு நம் ஊர்க் கதை ஒன்று. 1896 ஆகஸ்ட் 29, மதுரை. 16 வயது வேங்கடராமனிடம், பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துப்போய்த் தன் காலேஜ் பீஸைக் கட்டிவிடச் சொன்னார் அண்ணன் நாகசாமி. பையன் ஒரு பழைய அட்லாஸைப் பிரித்து, திண்டிவனம் வரை ரயில் செலவுக்கு 3 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டான். மிச்சம் 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுக் கிளம்பினான். தகப்பன் என்று அவன் சொன்ன இறைவனின் கட்டளைப்படி அவரைத் தேடிப் போவதாகவும், தேடுவதற்குச் செலவு செய்ய வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். பீஸ் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்பதும் அதே சீட்டில் இருந்தது. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்த அவரைத்தான் ரமண மகரிஷி என்கிறோம்.

1898இல் அழைத்துப்போக வந்த தாய் அழகம்மாளுக்கு, எல்லாம் முன்பே விதிக்கப்பட்டது என்ற கருத்தைப் பவழக்குன்றில் ஒரு தாளில் எழுதிக் காட்டியவரும் அவரே. விதியை அவ்வளவு தீர்மானமாகச் சொன்னவர், தன்னை ஒரு கட்டளை இழுக்கிறது என்று எழுதிய தாளிலேயே பாக்கியையும் எழுதினார் பார். எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு அந்த இடத்தில்தான் மனசு நிற்கிறது. கட்டளையைக் காட்டி அவர் பீஸை மறைக்கவில்லை.

பௌர்ணமி கிரிவலத்துக்கு இங்கே நீ வந்திருக்கிறாய், தெரியும். 14 கிலோமீட்டரும் கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போக முடியும். பஸ் எங்கே நிற்கும், தடுப்பு எங்கே என்பதெல்லாம் போலீஸ் தீர்மானம். ஆனால் அன்னதானம் வாங்கித் தின்ற தட்டை எங்கே போடுவது என்று எந்தப் போலீஸும் கையைப் பிடிப்பதில்லை. விடிந்ததும் ஆதி அண்ணாமலையார் கோயில் பக்கம் வந்து பார். சாம்பார் காய்ந்த தட்டுகளைக் குனிந்து குனிந்து பொறுக்குகிற அம்மாக்களுக்குக் கூட்டம் தள்ளிய கதை எதற்கு?

அக்காவிடம் நீயே சொல்லிவிடு, நான் சொல்ல மாட்டேன். ஆப்பை எடுத்த பிறகும் கை பரபரத்தால் 14416க்குப் போன் போடு. டெலி மானஸ், அரசு நடத்துவது, காசு கிடையாது. உதவி கேட்பதும் உன் பொறுப்பில் சேர்ந்ததுதான்.

பீஸ் கட்டக் கடைசித் தேதி எது என்று எழுது, காலேஜ் கணக்கில் நானே நேராகக் கட்டிவிடுகிறேன். மாதம் எவ்வளவு திருப்பித் தருவாய் என்பதை மட்டும் நீயே எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா