சேஷாசலச் சரிவில் ஒரு நாள் நடை: புதர்நிலமும் புல்வெளியும்

திருப்பதிக்கு மேற்கே, சந்திரகிரியை அடுத்த ஸ்ரீநிவாச மங்காபுரத்தில் நின்று வடக்கே நோக்கினால், சேஷாசல மலை ஒரு நீண்ட மதில் போலத் தோன்றும். மதிலின் உச்சியில் சிவந்த செங்குத்துப் பாறை. அதன் அடியிலிருந்து சாலை வரையில் பரந்து கிடப்பது புதரும் புல்லும் கலந்த நிலம். யாத்திரிகரின் கண் உச்சியை நாடுவது இயல்பே. ஆனால் வன ஊழியரும் ஆசிரியரும் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இந்தக் கீழ்ப்பகுதியையே. இத்தகைய நிலம் பதிவேடுகளில் பெரும்பாலும் ‘சிதைந்த காடு’ என்றோ ‘தரிசு’ என்றோ குறிக்கப்படுகிறது. அவ்வாறு குறித்தபின் அதில் குழி வெட்டி மரம் நடுவது ஒன்றே செய்யத்தக்க பணி என்று தோன்றிவிடுகிறது. அது எப்போதும் சரியன்று என்பதை ஒரு நாள் நடையிலேயே அறிந்துகொள்ளலாம்.

சேஷாசலம் 2010ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அன்றைய சித்தூர், கடப்பை மாவட்டங்களில் பரவிய அதன் பரப்பு ஏறக்குறைய 4,756 சதுர கிலோமீட்டர். அதனுள் அடங்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா 1989இல் அமைந்தது. அதன் பரப்பு 353 சதுர கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எனவே பழைய நூல்களில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை எனக் காணும் இடங்கள் பல இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ளன.

நடையை மலையடியில் பாறையைப் பார்ப்பதிலிருந்து தொடங்குதல் நன்று. சந்திரகிரிக் கோட்டை நிற்கும் குன்று கருங்கல். இது சுமார் 250 கோடி ஆண்டு வயதுடைய பழம்பாறை இனத்தைச் சேர்ந்தது. அதற்கு மேல், பல கோடி ஆண்டுகள் கழித்து, நீரடியில் படிந்த மணல் இறுகிக் குவார்ட்சைட்டுப் பாறையாயிற்று. இடைப்பட்ட நெடுங்காலத்திற்குப் பாறைச் சான்று எதுவும் இங்கு இல்லை. இவ்விருவகைப் பாறைகளும் சந்திக்கும் கோட்டைத் திருமலை செல்லும் மலைச்சாலையின் ஓரத்தில் கண்ணாற் காணலாம். அவ்விடம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. நம் பொருளுக்கு வேண்டிய செய்தி இதுதான்: குவார்ட்சைட்டு எளிதில் மண்ணாக மாறுவதில்லை. அதன்மேல் உள்ள மண் மெல்லியது, சத்துக் குறைந்தது. பெய்யும் மழை பாறை வெடிப்புகளின் வழியே விரைந்து இறங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்த ஆண்டிலும், மாசி பிறந்தால் மேற்பரப்பு காய்ந்துவிடும். இத்தகைய இடத்தில் உயர்ந்த மரம் இல்லாதிருப்பதற்குக் கோடரியை மட்டும் காரணம் கூறுதல் பொருந்தாது.

ஆயினும் கோடரிக்கும் பங்கு உண்டு. இங்குதான் நடப்பவர் பிரித்தறியக் கற்க வேண்டும். மலையடியில், கிராமத்தை ஒட்டிய பகுதியில், செம்மரமும் உசிலும் தரையோடு வெட்டப்பட்டு, ஒரே அடிக்கட்டையிலிருந்து நாலைந்து தளிர்களாகக் கிளைத்து நிற்பதைக் காணலாம். இடையிடையே விராலியும் ஆவாரையும் மிகுந்திருக்கும். இவ்விரண்டையும் ஆடு விரும்பித் தின்பதில்லை. ஆடு விரும்புவன குறைந்து, விரும்பாதன பெருகியிருப்பது மேய்ச்சல் மிகுதியின் அடையாளம். இது உண்மையிலேயே காடாக இருந்து தாழ்ந்த நிலம். இதற்கும் மரக்கன்று தேவைப்படுவது அரிது. வெட்டுதலையும் மேய்ச்சலையும் சில ஆண்டுகள் தடுத்தால் அடிக்கட்டைகளே மீண்டும் மரமாகும். செம்மரம் கட்டையிலிருந்து தளிர்ப்பதில் வல்லது.

மேலே ஏறி, பாறைத் தட்டுகளை அடைந்தால் காட்சி வேறு. ஸ்ரீவாரி மெட்டுப் படிப்பாதையின் 2,388 படிகளை ஏறுவோர் சற்று நின்று இருபுறமும் நோக்கினாலும் இந்த மாறுதலின் ஒரு பகுதி புலப்படும். இங்குள்ள புற்கள் ஆண்டுதோறும் விதையிலிருந்து முளைப்பவை அல்ல. தூர்கட்டிப் பல்லாண்டு வாழ்பவை. கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை மணம் வீசும் புல்லைத் தெலுங்கர் ‘போதகட்டி’ என்பர். கூரை வேய்வதற்குப் பயன்படுவது அது. அவற்றினூடே குட்டை ஈச்சை நிற்கும். அதனினும் முக்கியமானது சைக்கஸ் பெட்டோமி என்னும் செடி. பார்வைக்குச் சிறு ஈச்சைபோல் இருக்கும். ஆனால் பூவாத் தாவரமாகிய சைக்கஸ் குலத்தைச் சேர்ந்தது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. உலகில் இக்கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதியைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்த கர்னல் பெட்டோமின் பெயர் இதற்கு இடப்பட்டது. இதன் வேரிலுள்ள முடிச்சுகளில் நீலப்பச்சைப் பாசி வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு அளிக்கிறது. ஏழை மண்ணில் இது தழைக்கும் இரகசியம் அதுவே. பழைய இலையடிகள் கவசம்போல் தண்டை மூடியிருப்பதால், புல் பற்றியெரிந்த பின்னும் உச்சியிலிருந்து புதிய இலைகள் விரிகின்றன. வெயிலை வேண்டும் இத்தாவரம் திரளாக நிற்கும் இடம், நேற்றுக் காடழிந்து உண்டான வெளியாக இராது. நெடுங்காலமாகவே திறந்த நிலம் என்று கொள்ளலாம். அங்கே நெருக்கமாக மரம் நட்டு நிழல் உண்டாக்குதல், இருப்பதைக் கெடுப்பதாகும்.

இதே மலைத்தொகுதியின் வடபகுதியில், கடப்பை மாவட்டப் புதர்நிலத்தில் கிடைத்த சான்று இன்னும் தெளிவானது. ஜெர்டன் கல்குருவி என்னும் இராப்பறவை 1900க்குப் பின் காணப்படாமல், அழிந்ததென்றே கருதப்பட்டு, 1986 ஜனவரியில் சித்தவட்டம் அருகே மீண்டும் கண்டறியப்பட்டது. அவ்வூரார் அதைக் ‘கலிவிக் கோடி’ என்று அழைத்து வந்தனர். களாப்புதர்க் கோழி என்பது பொருள். ஊராரின் பெயரே அதன் வாழிடத்தைச் சொல்லியிருந்தது! பின்னர் ஆராய்ச்சியாளர் நிலத்தில் மென்மணல் பட்டைகளை அமைத்து, காலையில் அடிச்சுவடுகளைத் தேடி ஆராய்ந்தனர். இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த புதர்கள் ஹெக்டேருக்கு 300 முதல் 700 வரையில் உள்ள இடத்தையே அப்பறவை பெரிதும் நாடுகிறது என அறிந்தனர். புதரை முற்றிலும் வெட்டினாலும் அதற்கு இடமில்லை; அடர்ந்து வளர விட்டாலும் இடமில்லை.

ஐரோப்பாவிலும் இதற்கு ஒப்பான நிலம் உண்டு. வட இத்தாலியில் டூரின் நகருக்கு அருகிலுள்ள வௌடா காப்பகத்தில், சத்தற்ற மண்ணில் ‘ஹீத்’ எனப்படும் குறும்புதர் பரந்துள்ளது. அது பல நூற்றாண்டு மேய்ச்சலாலும் தீயாலும் நிலைத்த நிலம். மனிதர் கைவிட்டதும் பிற மரங்கள் புகுந்து அதை மூடத் தொடங்கின. ஆகவே அங்கே அளவோடு தீயிட்டும் ஆடு மேய்த்தும் அதைக் காக்கும் முறைகளைச் சோதித்துள்ளனர். இதை அப்படியே இங்குக் கையாளலாகாது. நம் மலையில் வேனிற்காலத் தீ வேறு வகையானது. 2014 மார்ச்சில் திருமலைக் காட்டில் பரவிய தீயை அடக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. ஆண்டுதோறும் ஒரே இடம் எரிந்தால் செம்மரக் கன்று எதுவும் தலையெடுக்காது. எனினும் தீப்பட்ட இடம் யாவும் அழிந்த இடம் என்று எழுதிவிடாமல், மழைக்குப் பின் மறுமுறை சென்று, தூரிலிருந்து தளிர்த்தவை எவை, தளிர்க்காதவை எவை எனக் குறித்துக்கொள்வது கள ஊழியரின் கடமையாகும்.

மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் வனத்துறையின் அனுமதியும் வனக்காவலர் துணையும் இன்றிப் புறப்படலாகாது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையிலேயே ஒரு சிறுமி சிறுத்தைக்கு இரையானாள். புதர்நிலத்தில் குனிந்த, தனித்த சிறுவர்க்கு ஆபத்து மிகுதி. எனவே வெயில் ஏறிய பின் தொடங்கி, பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். முன்னும் பின்னும் பெரியவர் நடக்க வேண்டும். கார்த்திகை முடிந்து தை வரையிலான காலம் ஏற்றது. புல் பூத்திருக்கும், இனம் அறிதல் எளிது.

நாற்பது மீட்டர் கயிறு ஒன்று போதுமான கருவி. அதனால் பத்து மீட்டர்ச் சதுரம் ஒன்றை மலையடியிலும் மற்றொன்றைப் பாறைத் தட்டிலும் வளைத்து, ஆளுயரத்திற்கு மேற்பட்ட புதர்கள், அடிக்கட்டைத் தளிர்கள், ஆடு கடித்த கிளைகள், தூர்ப்புற்கள் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணச் செய்க. அவ்வெண்ணிக்கையை நூறால் பெருக்கினால் ஹெக்டேர்க் கணக்குக் கிடைக்கும். ஒரே சதுரத்தை நம்பி முடிவு கட்டலாகாது; ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு சதுரங்களேனும் எண்ணிச் சராசரி காண வேண்டும். சதுரத்தின் மூலையில் அசையாத பாறை ஒன்றில் சுண்ணாம்பு அடையாளமிட்டு, நாளையும் தீப்பட்ட விவரத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே இடத்தில் நின்று மீண்டும் எண்ணலாம்.