மலைக்காட்டு வெள்ளமும் வரைபடமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் புவியியல்)

மழைக்காக வானம் பார்க்கும் திருச்செங்கோட்டுப் பகுதியில் வளர்ந்த எனக்கு, வெள்ளம் என்பது காவிரிக் கரையோரத்தார் கவலை என்றே தோன்றியிருந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாற்றில் வெள்ளம் பெருகியது. சேலத்தைக் கடந்து, நம் நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. மலையில் பெய்யும் மழைக்கும் சமவெளிக்கு வர வழி உண்டு என்பதை அன்று உணர்ந்தேன். அவ்வழியை முன்கூட்டியே காட்டுவதுதான் வெள்ள அபாயப் பகுதி வரைபடம்.

வரையும் முறை

இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கே சரிவு அதிகம், விலகியிருந்தால் குறைவு. செங்குத்தில் விரைந்து இறங்கும் நீர், அடிவாரத்தில் வேகம் குறைந்து பரவுகிறது. ஆகவே சரிவு, ஓடைகளின் நெருக்கம், ஓடையிலிருந்து உள்ள தொலைவு, மண்வகை, மழையளவு, காட்டின் அடர்த்தி ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். கூட்டுத்தொகை மிகுந்த இடமே அதிக அபாயப் பகுதி. 2005இல் ஏவப்பட்ட கார்டோசாட்-1 போன்ற செயற்கைக்கோள்கள் தந்த உயர அளவுகளும், கணினியும் இப்பணியை எளிதாக்கியுள்ளன.

காடு இருந்தால் போதுமா?

ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால், அது 10 கோடி லிட்டர் நீர். மரமும் சருகும் மண்ணும் அதில் ஒரு பகுதியைத் தாங்கும். ஆனால் முன்பே நனைந்து ஊறிய மண், மேலும் நீரை ஏற்காது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் காட்டுச் சரிவில் தொடங்கிய நிலச்சரிவு, ஆற்றின் வழியே ஏறத்தாழ 8 கி.மீ. ஓடி, முண்டக்கை, சூரல்மலை ஊர்களைச் சிதைத்தது. எனவே பச்சை நிறத்தைக் கண்டதும் 'பாதுகாப்பு' என்று எழுதிவிடலாகாது.

அடர்ந்த காட்டில் மழைமானிகள் குறைவு. மர உச்சிகள் தரையை மறைக்கும். முன்பு வெள்ளம் வந்த இடங்களோடு ஒப்பிட்டால்தான் படத்தின் உண்மை தெரியும். அவ்விடங்களை அறிந்தவர்கள் மலைவாழ் மக்களே. அவர்களைக் கேளாமல் வரைந்த படம் அரைகுறைப் படமே.

என் வீட்டில் வரைபடம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. சிவப்பு வண்ணமிட்ட தாளைக் காட்டினால் என் தாய்க்கு விளங்காது. "இந்த ஓடையில் தண்ணீர் ஏறினால் அந்த மேட்டுக்குப் போய்விட வேண்டும்" என்றால் விளங்கும். படம் அந்தச் சொல்லாக மாறி ஊராரைச் சேரும்வரை, புவியியல் மாணவரின் கடமை முடிவதில்லை.